75 சுற்று, இரண்டே நகரம்: இந்த ஆட்டத்தை மீட்கலாமா?

படுவான்கரையான் | வெள்ளி, இரவு 8.20

சிவிலைசேஷன் 6 என்ற கணினி விளையாட்டை, சுற்றுச் சுற்றாக நகரங்கள் அமைத்து நாட்டை வளர்க்கும் ஆட்டம், கேதரிங் ஸ்டோர்ம் விரிவாக்கத்துடன் ஆடுகிறேன். கடினத்தில் எம்பரர் நிலை, சாதாரண வேகம், தலைவர் இந்தியாவின் சந்திரகுப்தர். மழை விடவில்லை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் தெருவெல்லாம் வெள்ளம், ஆகவே நேரம் நிறைய இருக்கிறது. ஆட்டம்தான் நகர மறுக்கிறது.

75ஆவது சுற்று. என்னிடம் இரண்டு நகரங்கள். தலைநகர் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதற்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் பாலைவனம். இரண்டாவது நகரம் கிழக்கே, குன்றும் காடும் உள்ள இடத்தில். மூன்றாவது நகரத்துக்கு அனுப்பிய செட்லரை (நகரம் அமைக்கும் குடியேறியை) காட்டுமிராண்டிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாம் யுகம் எனக்கு இருண்ட காலமாக விடிந்திருக்கிறது. தலைநகரில் பிரமிட் பாதி எழும்பி நிற்கிறது.

வடக்கே நோர்வேயின் ஹரால்டு. நோர்வே என்றால் நமக்குச் சமாதானத் தூதுதான் நினைவுக்கு வரும். இந்த ஆள் அந்த வகை இல்லை. ஆறு நகரம் வைத்துக்கொண்டு, என்னிடம் கடற்படை இல்லை என்று சில சுற்றுகளுக்கு ஒருமுறை வந்து ஏளனம் செய்கிறார். எனக்குக் கடற்கரையே இல்லை என்பதை அவரிடம் யார் சொல்வது?

தெற்கே கண்டி நகர அரசு. அதை முதலில் கண்டவன் நான்தான்.

இதை மீட்க வழி இருக்கிறதா, அல்லது மூடிவிடவா?

வாவிமீன் | வெள்ளி, இரவு 8.31

மூடிவிடு மச்சான். 75 சுற்றில் இரண்டு நகரம் என்றால் அது ஆட்டமில்லை, தண்டனை. புது வரைபடம் போட்டால் பத்து நிமிடத்தில் நல்ல ஆறும் மலையும் கிடைக்கும். எனக்கு முதல் 20 சுற்றில் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் அத்துடன் சரி.

கல்லடிக்காற்று | வெள்ளி, இரவு 9.05

வாவிமீன், நீ முதல் 20 சுற்றை மட்டும் ஆடி ஆடி அதில் மட்டும் கெட்டிக்காரனாகிவிட்டாய். 200ஆவது சுற்றில் உன்னை நான் கண்டதே இல்லை.

தம்பி படுவான்கரையான், மூட வேண்டாம். சாதாரண வேகத்தில் ஆட்டத்தின் முழு நீளம் 500 சுற்று. கணினி ஆடும் எதிரிகளுக்கு உயர்ந்த நிலைகளில் கிடைக்கும் சலுகை ஆரம்பத்தில்தான் அதிகம் கடிக்கும். டெய்ட்டி என்ற உச்ச நிலையில் அவர்கள் மூன்று செட்லர்களுடன் தொடங்குகிறார்கள், நாம் ஒன்றுடன். அந்த முன்னிலையை வைத்துக்கொண்டு அவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும்: மாவட்டங்களை (நகரத்தின் சிறப்புப் பகுதிகளை) தவறான கட்டத்தில் வைப்பார்கள், காரணமில்லாமல் போர் தொடங்குவார்கள், பாதியில் விடுவார்கள். எம்பரர் அதைவிட இரண்டு படி கீழே. 75இல் பின்தங்கியிருப்பவன் 150இல் சமமாக நிற்பது அபூர்வமில்லை.

இனி உன் நிலை. நீ எழுதியதில் பாலைவனம், காட்டுமிராண்டிகள், ஹரால்டு என்று பல எதிரிகள் இருக்கிறார்கள். என் பார்வையில் குறை ஒன்றுதான், நகரங்களின் எண்ணிக்கை. இந்த ஆட்டத்தில் விஞ்ஞானம், பண்பாடு, தங்கம் எல்லாமே நகரங்களின் எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து வருபவை. 100ஆவது சுற்றுக்குள் எட்டு, பத்து நகரம் என்று பலரும் சொல்வார்கள். உனக்கு அது எட்டாது, விடு. 120க்குள் ஆறு என்று வைத்துக்கொள்.

அதற்குக் கணக்கு இப்படி. பிரமிட்டின் விலை 220 உற்பத்தி. செட்லரின் விலை 80இல் தொடங்கி, ஒவ்வொன்று உருவாக்கும்போதும் 30 வீதம் ஏறும். நீ ஏற்கெனவே இரண்டை உருவாக்கியிருக்கிறாய் என்றால் அடுத்தது 140, அதற்கடுத்தது 170. எர்லி எம்பயர் என்ற குடியியல் ஆராய்ச்சியை முடித்தால் காலனைசேஷன் கொள்கை அட்டை கிடைக்கும். அது செட்லருக்கான உற்பத்தியை 50 சதவீதம் கூட்டுகிறது. அட்டை இருந்தால் அந்த இரண்டு செட்லருக்கும் உன் கையிலிருந்து போவது ஏறத்தாழ 207. ஒரு பிரமிட்டின் விலைக்குள் இரண்டு நகரம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மூன்று விஷயம் சொல். எர்லி எம்பயர் முடிந்ததா? பொருளாதார அட்டையில் இப்போது என்ன வைத்திருக்கிறாய்? இரண்டாவது நகரத்தைச் சுற்றி எத்தனை கட்டம் காடு?

படுவான்கரையான் | வெள்ளி, இரவு 9.22

எர்லி எம்பயர் முடிந்துவிட்டது அண்ணன். அட்டையில் காட் கிங் இருக்கிறது. தங்கமும் பக்தியும் ஒவ்வொன்று வருகிறதே என்று வைத்தேன். காடு நான்கு கட்டம், இரண்டு குன்றின் மேல்.

பிரமிட்டை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பாலைவனத்தால் வேறு பயன் அதிகம் இல்லை, பிரமிட் அங்கேதான் எழும்பும். அது இருந்தால் நிலத்தைச் செப்பனிடும் ஒவ்வொரு பில்டரும் ஒரு வேலை கூடுதலாகச் செய்வான். நிலம் கொடுத்ததைத்தானே எடுக்க முடியும்?

கல்லடிக்காற்று | வெள்ளி, இரவு 9.30

பில்டர் வேலை செய்ய நகரம் வேண்டாமா தம்பி?

சம்மாந்துறைக்காக்கா | வெள்ளி, இரவு 10.12

வயல் வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். கல்லடித் தம்பி சொல்வது சரி, ஆனால் பாதிதான் சரி.

பெரும்போகத்தில் மழை பிந்திப் போனால், அல்லது முதல் விதைப்பை வெள்ளம் கொண்டுபோனால், நாங்கள் நான்கு மாத நெல்லை மறுபடி விதைப்பதில்லை. பிஜி 300 போன்ற மூன்று மாத இனம் கிடைத்தால் அது. இன்னும் பிந்திவிட்டால் பிஜி 250, இரண்டரை மாதம். விளைச்சல் குறையும்தான். ஆனால் குளத்துத் தண்ணீர் நிற்பதற்கு முன் கதிர் கைக்கு வரும். பிந்தியவன் முந்தியவனின் நெல்லை விதைத்தால் இரண்டும் இல்லாமல் போகும்.

தம்பி இப்போது ஒவ்வொரு செட்லராக உருவாக்கி, ஒவ்வொரு நகரத்தையும் ஒன்றிலிருந்து வளர்ப்பது நான்கு மாத நெல். வளர்ந்த நகரங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கின்றன. ஹரால்டிடம் ஆறு. இரண்டை எடுத்தால் அங்கே குடிகள் இருப்பார்கள், பண்ணை இருக்கும், மாவட்டம்கூட இருக்கலாம். சந்திரகுப்தருக்கு அதற்கென்றே ஒரு சலுகை உண்டு: மிலிட்டரி ட்ரெய்னிங் என்ற குடியியல் ஆராய்ச்சியை முடித்தால் எல்லை விரிவுப் போர் அறிவிக்கலாம், முதல் 10 சுற்றுக்குப் படைகளின் நடை 2 கூடும், வலிமை 5 கூடும். வரு யானைப்படை வேறு இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் எதிரியின் வலிமையை 5 குறைத்துவிடும். ஊரில் யானை வயலுக்குள் இறங்கினால் எங்களுக்கு இரவு முழுவதும் தூக்கம் இல்லை. விளையாட்டிலாவது யானை நம் பக்கம் நிற்கட்டும்.

ஹோர்ஸ்பேக் ரைடிங் ஆராய்ச்சி, நான்கு வரு, மதிலை உடைக்க ஒரு இடிகட்டை. 110ஆவது சுற்றுக்குள் நோர்வேயின் பாதி உங்கள் கையில்.

வாவிமீன் | வெள்ளி, இரவு 10.15

காக்கா சொன்ன பிறகு எனக்கே ஆட ஆசை வருகிறது.

நீலாவணை | வெள்ளி, இரவு 11.02

காக்கா, நெல்லைப் பற்றி உங்களிடம் வாதாட மாட்டேன். இடிகட்டையைப் பற்றி வாதாடுவேன்.

இடிகட்டை காலாட்படைக்கும் ஈட்டிப் படைக்கும்தான் உதவும். வரு கனரகக் குதிரைப்படை வகை. யானை மதிலுக்கு முன்னால் நின்று எத்தனை தரம் முட்டினாலும் பக்கத்தில் நிற்கும் இடிகட்டையால் அதற்குப் பயன் கிடையாது. நான்கு வரு, ஒரு இடிகட்டை என்று போனால், மதில் உள்ள முதல் நகரத்தின் அடியிலேயே படை கரையும். மதில் இல்லாத நகரத்துக்கு வரு தாராளமாகப் போதும். ஆகவே முதல் வேலை, ஒரு ஸ்கவுட்டை அனுப்பி ஹரால்டின் எந்த நகரத்தில் மதில் இல்லை என்று பார்ப்பது. தலைநகரில் பெரும்பாலும் இருக்கும், எல்லை நகரங்களில் பல நேரம் இருக்காது. மதில் இருந்தால் இரண்டு வாள்வீரருடன் இடிகட்டை, அல்லது என்ஜினியரிங் முடித்துக் கல்லெறி பொறி. உங்கள் நகரம் ஒன்றில் பழைய மதில் கட்டினால் என்ஜினியரிங்கின் யுரேக்கா கிடைக்கும், ஆராய்ச்சியில் 40 சதவீதம் மிச்சம்.

அடுத்து, யாரும் கவனிக்காத ஒன்று. தம்பி, உங்கள் செட்லர் சாகவில்லை. காட்டுமிராண்டிகள் பிடித்த செட்லரைத் தங்கள் முகாமுக்குக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். முகாமைப் பிடித்தால் செட்லர் திரும்ப உங்களுடையது. 140 உற்பத்தி கொடுத்து இன்னொன்று உருவாக்குவதற்கு முன்னால் அதை எடுத்துவாருங்கள். இராணுவ அட்டையில் டிசிப்ளினைப் போடுங்கள், காட்டுமிராண்டிகளுக்கு எதிராக வலிமை 5 கூடும். ஒரு வீரன், இரண்டு வில்லாளர் போதும். முகாமை அழித்தால் தங்கமும் வரும், யுகப் புள்ளியும் வரும்.

ஒரு யுகத்தில் சேரும் யுகப் புள்ளிதான் அடுத்த யுகம் இருண்ட காலமா பொற்காலமா என்று தீர்மானிக்கும். அதை ஏன் அழுத்துகிறேன் என்றால், நீங்கள் இருண்ட காலத்தில் இருப்பதைக் கெட்ட செய்தியாக மட்டும் எல்லோரும் வாசித்துவிட்டார்கள். இருண்ட காலத்துக்கு அடுத்து நேராகப் பொற்காலம் எட்டினால் அது வீர யுகம் ஆகும். சாதாரணப் பொற்காலத்தில் ஒரு அர்ப்பணிப்பு (அந்த யுகத்துக்கு நாம் தேர்ந்தெடுக்கும் சலுகை), வீர யுகத்தில் மூன்று. அதில் மோனுமென்ட்டாலிட்டியை எடுத்தால் செட்லரையும் பில்டரையும் பக்தி கொடுத்து வாங்கலாம், விலையும் 30 சதவீதம் குறைவு. உற்பத்தி இல்லாத பாலைவன நாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பக்திக்கு வழி உங்கள் வாசலிலேயே இருக்கிறது. கண்டி சமய நகர அரசு. முதலில் கண்டவர் என்பதால் ஒரு தூதர் இலவசமாக அங்கே போயிருப்பார், அதனால் தலைநகருக்குச் சுற்றுக்கு 2 பக்தி வருகிறது. 25 பக்தி சேர்ந்தால் தெய்வம், அதாவது நாட்டுக்குச் சலுகை தரும் ஒரு நம்பிக்கை, தேர்ந்தெடுக்கலாம். இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் டெசர்ட் ஃபோக்லோரைப் பாருங்கள்: புனிதத் தலம் என்ற மாவட்டத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பாலைவனக் கட்டமும் ஒரு பக்தி தரும். இலவசச் செட்லர் தரும் தெய்வமும் உண்டு, ஆனால் அதை எதிரிகள் முதல் ஆளாக அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். நீங்கள் சபிக்கும் அந்த மணல்தான் உங்கள் வங்கி.

படுவான்கரையான் | வெள்ளி, இரவு 11.20

நீலாவணை அக்கா, முகாமைப் பார்த்தேன். செட்லர் அங்கேதான் நிற்கிறான்! இத்தனை சுற்றாக நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தெய்வமும் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை, 21 பக்தி இருக்கிறது. டெசர்ட் ஃபோக்லோர் பட்டியலில் காட்டுகிறது.

அட்டையை இப்போது மாற்றவா, தெய்வம் வரும்வரை காட் கிங் இருக்கட்டுமா?

நீலாவணை | வெள்ளி, இரவு 11.26

இருக்கட்டும். இரண்டு சுற்றில் 25 வந்துவிடும். ஒரு குடியியல் ஆராய்ச்சி முடியும் சுற்றில் அட்டை மாற்றுவதற்குச் செலவில்லை. அந்தச் சுற்றில் காலனைசேஷனைப் போட்டு, செட்லர் உற்பத்தியை அதே சுற்றில் தொடங்குங்கள். செட்லர் இல்லாத நேரத்தில் அந்த அட்டை இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இருண்ட காலத்துக்கென்று சில அட்டைகள் வரும். ஐசொலேஷனிசம் என்று ஒன்று. உள்நாட்டு வணிகப் பாதைக்கு உணவு 2, உற்பத்தி 2 கூட்டித் தரும் என்று வாசித்தவுடன் கை துடிக்கும். அடுத்த வரியையும் வாசியுங்கள்: அது இருக்கும்வரை செட்லர் உருவாக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது, நகரம் அமைக்கவும் முடியாது.

சம்மாந்துறைக்காக்கா | சனி, காலை 6.15

இடிகட்டை விஷயம் தங்கச்சி சொன்னதுதான் சரி. நான் வாள்வீரரை வைத்தே பழகியவன். யானையைக் கண்டதும் கணக்கு மறந்துபோனது.

ஆனால் போரைக் கைவிடாதீர்கள். பக்திக்காக 120 வரை காத்திருந்தால் ஹரால்டு அதற்குள் எல்லா இடத்திலும் மதில் கட்டிவிடுவார்.

கல்லடிக்காற்று | சனி, காலை 9.40

இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு தலைநகரும் ஒரு குட்டி நகரமும் வைத்துக்கொண்டு புனிதத் தலம், வரு, செட்லர், பிரமிட் என்று நான்கு வரிசை போட்டால் நான்கும் பாதியில் நிற்கும். முதலில் செட்லர். நான்கு நகரம் ஆனதும் போர்.

வேகமாகச் செட்லர் எடுக்க இன்னொரு வழி, காடு வெட்டுவது. மைனிங் தெரிந்தால் பில்டர் காட்டை வெட்டி அந்த உற்பத்தியை அப்படியே நகரத்தில் இறக்குவான். மேக்னஸ் என்ற ஆளுநரை அந்த நகரத்தில் அமர்த்தினால் வெட்டுவதில் கிடைப்பது 50 சதவீதம் கூடும். அவருக்கு ஒரு பதவி உயர்வு கொடுத்து புரொவிஷனை எடுத்தால், செட்லர் போகும்போது நகரத்தின் மக்கள்தொகையில் ஒன்று குறைவதும் நின்றுவிடும். எர்லி எம்பயர் ஒரு ஆளுநர் பட்டம் தந்திருக்கும், ஸ்டேட் வொர்க்ஃபோர்ஸ் இன்னொன்று தரும். இரண்டையும் மேக்னஸ் மேலேயே போடு. நான்கு கட்டக் காடும் உனக்கு இரண்டு செட்லர்.

புனிதத் தலத்தைக் கட்டி முடிக்க இப்போது நேரமில்லை என்றாலும் இடத்தை மட்டும் இன்றே குறித்துவிடு. மாவட்டத்தின் விலை நாம் ஆராய்ச்சியில் முன்னேற முன்னேற ஏறும். ஆனால் இடம் குறித்த சுற்றில் என்ன விலையோ அதுவே நிலைக்கும். இதைத் தெரிந்தவன் ஏழையாக இருந்தாலும் பிழைப்பான்.

வாகரைத்தெற்கு | சனி, காலை 10.55

நான் கைபேசியில் யுன்சிவ் ஆடுகிறேன். இலவசம், திறந்த மூலம், தரவிறக்கிய பிறகு இணையமே வேண்டாம். எங்கள் பக்கம் சிக்னல் இருக்கும் லட்சணத்துக்கு அதுதான் தோது. எனக்கும் இதே வியாதி, எப்போதும் மந்தமான தொடக்கம். ஆனால் இங்கே சொல்வது எதுவும் பொருந்தவில்லை. ஆளுநர் இல்லை, காலனைசேஷன் அட்டை இல்லை. கல்லடி அண்ணன் சொன்னபடி நகரமாகக் குவித்தேன், நாடே முகம் சுளிக்கிறது.

கல்லடிக்காற்று | சனி, காலை 11.10

யுன்சிவ் சிவிலைசேஷன் 5இன் விதிகளை ஒட்டியது. அங்கே கணக்கு வேறு. மகிழ்ச்சி நாடு முழுவதற்கும் ஒன்று. ஒவ்வொரு புதிய நகரமும் 3 மகிழ்ச்சியைத் தின்னும், ஒவ்வொரு குடியும் இன்னொன்றைத் தின்னும். ஆகவே எண்ணிக்கைக்காக நகரம் வைக்கக்கூடாது. புதிய ஆடம்பரப் பொருள் கிடைக்கும் இடத்தில் மட்டும் வை. முத்து, பட்டு, உப்பு என்று உன்னிடம் இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இருப்பதில் இரண்டாவது கிடைத்தால் அது மகிழ்ச்சிக்கு உதவாது, எதிரிக்கு விற்றுவிடு.

செட்லர் உருவாகும்வரை அந்த நகரத்தின் மக்கள்தொகை அங்கே வளராது. 6இல் ஒரு குடி போவதோடு சரி, 5இல் வளர்ச்சியே நிற்கும். அதனால் மந்தமாகத் தொடங்கினால் லிபர்ட்டி கொள்கையில் கலெக்டிவ் ரூல்வரை போ. ஒரு செட்லர் இலவசமாக வரும், தலைநகரில் மற்றச் செட்லர்களும் விரைவாக உருவாகும்.

வாகரைத்தெற்கு | சனி, காலை 11.14

இப்போது விளங்குகிறது. முத்துள்ள இடம் ஒன்று விட்டுவைத்திருக்கிறேன். நன்றி அண்ணன்.

படுவான்கரையான் | சனி, மாலை 5.48

நிலவரம். 96ஆவது சுற்று.

முகாமை அழித்துச் செட்லரை மீட்டேன். முகாமுக்குப் பக்கத்தில் ஒரு குன்று, அதில் ஈட்டியாளன் ஒருவன் ஏறி நின்றுகொண்டு என் வீரனைப் பாதி உயிராக்கிவிட்டான். வில்லாளர் இரண்டு பேரும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே எய்தார்கள். மூன்றாவது நகரம் அங்கேயே அமைந்தது. டெசர்ட் ஃபோக்லோர் கிடைத்தது. தலைநகரில் புனிதத் தலம் ஐந்து பாலைவனக் கட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மேக்னஸ் கிழக்கு நகரத்தில் இருக்கிறார், இரண்டு காடு போனது, ஒரு செட்லர் வந்தது. ஆக நான்கு நகரம்.

பிரமிட் இன்னும் பாதியில் நிற்கிறது. வேறு யாரும் கட்டவில்லை. அதை முடிக்கலாமா என்று கேட்டால் கல்லடி அண்ணன் அடிப்பார் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

கல்லடிக்காற்று | சனி, மாலை 6.02

அடிப்பேன்.

நீலாவணை | சனி, மாலை 6.30

நான் முடிக்கச் சொல்வேன். போட்ட உற்பத்தி அப்படியே இருக்கிறது, இன்னும் 110 தான் வேண்டும். யுக மாற்றத்துக்கு முன் ஒரு உலக அதிசயம் எழும்பினால் யுகப் புள்ளி கிடைக்கும். வீர யுகத்தின் எல்லைக்கு அது கணிசமான தள்ளல். எல்லோரும் விட்டுவைத்த அதிசயம் என்றால் போட்டியும் குறைவு. இப்போது எத்தனை புள்ளி குறைகிறது?

படுவான்கரையான் | சனி, மாலை 6.41

9 குறைகிறது. யுகம் முடிய ஏறத்தாழ 12 சுற்று.

நீலாவணை | சனி, மாலை 6.50

அப்படியானால் எண்ணிப் பார்க்கலாம். சந்திரகுப்தரின் தனிப் படையான வருவை முதல் முறை உருவாக்கினால் புள்ளி வரும். இந்தியாவின் படிக்கிணற்றை முதல் முறை வெட்டினாலும் வரும். இரிகேஷன் முடித்திருந்தால் இன்றே ஒரு பில்டரை அனுப்புங்கள். குன்றின் மேல் கூடாது, இன்னொரு கிணற்றுக்குப் பக்கத்திலும் கூடாது. உணவும் வீட்டுவசதியும் தருவதால் அது எப்படியும் வெட்ட வேண்டியதுதான். இன்னொரு முகாம் தென்பட்டால் அதையும் விடாதீர்கள். இவற்றோடு பிரமிட்டும் சேர்ந்தால் 9 தாண்டும்.

கல்லடி அண்ணன் சொன்ன கணக்கு 75ஆவது சுற்றில் சரி. பாதி விலைக்கு, யுகத்தின் ஓரத்தில் நிற்கும்போது, அது வேறு கணக்கு.

கல்லடிக்காற்று | சனி, இரவு 7.05

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. 12 சுற்றில் தலைநகர் 110 உற்பத்தியை பிரமிட்டுக்குக் கொடுத்தால் வரு எங்கிருந்து வரும்? இரண்டில் ஒன்று தவறும். புள்ளிக்காக ஓடி, ஒரு புள்ளியில் தவறவிட்டு, கையில் வீர யுகமும் இல்லை, செட்லரும் இல்லை என்று நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செய்வதாக இருந்தால் வருவைக் கிழக்கு நகரத்தில் மிச்சமுள்ள காட்டை வெட்டி எடு. தலைநகரைத் தொடாதே.

சம்மாந்துறைக்காக்கா | சனி, இரவு 8.20

வருவை வெறும் புள்ளிக்காக உருவாக்கி நிறுத்தி வைக்கப் போகிறீர்களா? உருவாக்குகிறீர்கள் என்றால் அனுப்புங்கள்.

படுவான்கரையான் | ஞாயிறு, பிற்பகல் 2.15

122ஆவது சுற்று. கரண்ட் போய் வந்ததால் தாமதம்.

கிழக்குக் காட்டை வெட்டி வரு வந்தது, கிணறு வெட்டினேன், பிரமிட் யுகம் முடிய ஒரு சுற்று இருக்கும்போது எழும்பியது. வீர யுகம். மோனுமென்ட்டாலிட்டி எடுத்து, சேர்ந்திருந்த பக்தியில் உடனே ஒரு செட்லர், சில சுற்றில் இன்னொன்று. மோனுமென்ட்டாலிட்டியில் பில்டர்கள் இரண்டு கட்டம் கூடுதலாக நடக்கிறார்கள், பாலைவனத்தைக் கடக்க அது எவ்வளவு வசதி என்று ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

அதோடு காக்கா, ஹரால்டின் நகரமான பெர்கனில் மதில் இல்லை என்று ஸ்கவுட் காட்டினான். மூன்று வரு, இரண்டு வில்லாளர். ஹரால்டின் பெரும்படை மேற்கே ஒரு நகர அரசோடு மோதிக்கொண்டிருந்தது. பெர்கன் விழுந்தது. ஒரு கேம்பஸோடு, அதாவது விஞ்ஞான மாவட்டத்தோடு, வந்தது!

ஆக ஏழு நகரம். விஞ்ஞானத்தில் ஹரால்டைத் தாண்டவில்லை, ஆனால் கடைசியில் இல்லை.

இப்போது புதுத் தொல்லை. பெர்கனில் விசுவாசம் ஒவ்வொரு சுற்றும் சரிகிறது. சுற்றிலும் நோர்வேயின் நகரங்கள். இன்னும் ஆறு, ஏழு சுற்றில் கிளர்ச்சி செய்துவிடும் போல இருக்கிறது.

வாவிமீன் | ஞாயிறு, பிற்பகல் 2.19

இந்த வரைபடத்தின் விதை எண்ணைத் தா மச்சான்.

நீலாவணை | ஞாயிறு, பிற்பகல் 3.00

முதலில் ஒரு ஆளுநர். ஆளுநர் இருக்கும் நகரத்துக்கு விசுவாசம் சுற்றுக்கு 8 கூடும். பட்டம் மிச்சமிருந்தால் விக்டரை அனுப்புங்கள், மற்றவர்கள் பொறுப்பேற்க 5 சுற்று எடுக்கும்போது அவர் 3 சுற்றில் ஏற்பார். ஒரு படையை நகரத்துக்குள் நிறுத்தி, இராணுவ அட்டையில் லிமிட்டானியைப் போடுங்கள், அதற்கு 2. நினைவுச்சின்னம் இல்லையென்றால் தங்கம் கொடுத்து வாங்குங்கள், அதற்கு 1. நீங்கள் வீர யுகத்தில் இருப்பதால் உங்கள் குடிகளின் அழுத்தமும் இப்போது அதிகம், ஆகவே அந்தப் பக்கம் இன்னொரு நகரம் அமைத்தால் அதுவும் தாங்கும்.

சம்மாந்துறைக்காக்கா | ஞாயிறு, மாலை 4.35

அல்லது அழுத்தம் வரும் நகரத்தையே எடுத்துவிடுங்கள். பெர்கனை நெருக்குவது எந்த நகரம்?

படுவான்கரையான் | ஞாயிறு, இரவு 7.50

ஸ்டாவங்கர். மதில் இருக்கிறது காக்கா. என்ஜினியரிங் இன்னும் மூன்று சுற்று, அதற்குள் விக்டர் பெர்கனில் அமர்ந்துவிடுவார். வாள்வீரருக்கு இரும்பு இல்லை, கண்டிக்கு வடக்கே ஒரு குன்றில் தெரிகிறது, கடைசியாக வாங்கிய செட்லர் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறான். இந்த முறை கூடவே ஒரு வில்லாளனும் போகிறான்.